அடுப்புப் புகையில் தேய்ந்த மூச்சுக்கு யோகம் எதைத் தரும்?

ஐக்கிய நாடுகள் சபை 2014 டிசம்பரில் அறிவித்த சர்வதேச யோகா தினம், மறு ஆண்டு தொடங்கி ஜூன் 21ஆம் தேதிதோறும் மைதானங்களிலும் பள்ளி வளாகங்களிலும் கொண்டாடப்பட்டுவருகிறது. ஆனால், மூச்சுப் பயிற்சியால் மிகுந்த பயன்பெறக்கூடியவர்கள், அதாவது இளமைக் காலம் முழுவதையும் விறகடுப்பின் முன் கழித்துவிட்டு இன்று நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும் அறுபது வயதைக் கடந்த பெண்கள், அந்த மைதானங்களில் பெரும்பாலும் தென்படுவதில்லை. இவர்களுக்கு யோகம் எதைச் செய்யும், எதைச் செய்யாது, அதை யார், எங்கே, எப்படிக் கற்றுத்தர வேண்டும் என்பவை பொதுச் சுகாதாரத் துறை உடனடியாக விடை காண வேண்டிய கேள்விகள்.

தமிழ்நாட்டு மக்கள்தொகையில் அறுபதும் அதற்கு மேலும் வயதானவர்களின் பங்கு 2021இல் ஏறத்தாழ 13.6 விழுக்காடு என்று மத்திய புள்ளியியல் துறை மதிப்பிட்டது. கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் மிகுந்த மாநிலம் இதுவே. ஆண்களைவிடப் பெண்கள் கூடுதலாகச் சில ஆண்டுகள் வாழ்கிறார்கள் என்பதால், வயது ஏற ஏற முதியோரில் பெண்களின் பங்கும் கூடுகிறது. அந்தக் கூடுதல் ஆண்டுகள் எத்தகையவை என்பதை முடிவு செய்பவற்றில் மூச்சுக்கு முதன்மையான இடம் உண்டு.

‘மூச்சு வாங்குது’, ‘இளைக்குது’, ‘நெஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு’ என்று ஒரு மூதாட்டி சொன்னால், வீட்டில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ‘வயசானா அப்படித்தான்’ என்பதாகவே இருக்கிறது. முதுமையில் மூச்சின் வலு குறைவது இயல்புதான் என்றாலும், குளிக்கும்போதும் சேலை கட்டும்போதும் மூச்சு முட்டுவது ஒருபோதும் இயல்பு ஆகாது. இந்த வேறுபாட்டைக் குடும்பங்கள் உணராத வரை, மருந்துக்கோ பயிற்சிக்கோ அந்தப் பெண்ணை அழைத்துச் செல்லும் எண்ணமே யாருக்கும் எழப்போவதில்லை.

மூச்சு ஏன் குறைகிறது?

நுரையீரல் ஏறத்தாழ 20 முதல் 25 வயதுக்குள் தன் முழு வளர்ச்சியை எட்டிவிடுகிறது. முப்பதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகு, முதல் ஒரு விநாடியில் வேகமாக ஊதி வெளியேற்றக்கூடிய காற்றின் அளவு, நோயற்றவர்களிடமும் ஆண்டுக்குச் சுமார் 25 முதல் 30 மில்லிலிட்டர் வீதம் குறைந்துகொண்டே வருகிறது. விலாவெலும்புகளை மார்பெலும்போடு இணைக்கும் குருத்தெலும்பு இறுகுகிறது. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே கூரைபோல் விரிந்திருந்து மூச்சின் பெரும்பகுதி வேலையைச் செய்யும் உதரவிதானம் என்ற தசை வலுவிழக்கிறது. இருமிச் சளியை வெளியேற்றும் ஆற்றலும் மங்குகிறது.

பெண்களுக்கு இதற்கு மேலும் ஒரு சுமை உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி விரைவாகக் குறைவதால், முதுகெலும்பின் கண்ணிகள் நசுங்கி, வலியே தெரியாமல்கூட முறிவு ஏற்பட்டு, மேல் முதுகு வளையத் தொடங்குகிறது. கூன் விழுந்த முதுகு மார்புக் கூட்டை முன்புறமாக மடக்கிவிடுவதால், நுரையீரலில் ஒரு கோளாறும் இல்லாத பெண்ணுக்கும் ஆழ்ந்து மூச்சிழுக்க இடம் போதாமல் போகிறது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் புகை இருக்கிறது. கருவேல விறகு, தென்னை மட்டை, வறட்டி, பருத்திமார் எனக் கைக்குக் கிடைத்ததை எரித்து, அணையும்போதெல்லாம் ஊதுகுழலால் ஊதி, புகைபோக்கி இல்லாத அடுப்படியில் ஒரு நாளில் பல மணி நேரம் குனிந்திருந்த தலைமுறையே இன்று அறுபதைத் தாண்டியிருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் கிர்க் ஸ்மித்தும் அவருடன் பணியாற்றிய இந்திய ஆய்வாளர்களும் 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் புகையை அளந்து வெளியிட்ட முடிவுகள், அடுப்படிக் காற்றின் பக்கம் உலகின் கவனத்தைத் திருப்பின.

அடுப்புப் புகை தொடர்பான நோய்களால் 2020இல் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அந்நோய்களில் முக்கியமானது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மருத்துவமனைகளில் ‘சி.ஓ.பி.டி.’ என்று சொல்லப்படும் இந்நோயில் மூச்சுக் குழல்கள் நிரந்தரமாகச் சுருங்கி, உள்ளே போன காற்று முழுமையாக வெளியேற முடியாமல் தங்கிவிடுகிறது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு வரும் நோய் என்று மட்டுமே இது அறியப்பட்டிருப்பதால், புகையிலையைத் தொட்டே அறியாத பெண்ணிடம் இந்நோயை யாரும் தேடுவதில்லை.

திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில், புகைபிடிக்காத, 30 வயதைக் கடந்த 900 பெண்களைச் சோதித்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், 2.44 விழுக்காட்டினரிடம் இந்நோய் காணப்பட்டது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் இருந்தவர்களிடம் இது 3 விழுக்காடாக இருந்தது. சதவீதம் சிறிதாகத் தோன்றினாலும், ஒரு மாநிலத்தின் கிராமப்புறப் பெண்கள் அனைவரையும் எண்ணிப் பார்த்தால், எந்தப் பதிவேட்டிலும் பெயர் ஏறாத நோயாளிகளின் தொகை மிகப் பெரியது.

2006க்குப் பிறகு மாநில அரசு வழங்கிய இலவச எரிவாயு அடுப்பும், 2016 மே மாதம் தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டமும் அடுத்த தலைமுறையின் நுரையீரலைக் காக்கும் நடவடிக்கைகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் 1970களிலும் 80களிலும் உள்ளே போன புகையை அவை திரும்ப எடுத்துவிடுவதில்லை. எரிவாயு இணைப்பு வந்த பல வீடுகளிலும் குளிக்க வெந்நீர் போடுவதும் மாட்டுக்குத் தவிடு காய்ச்சுவதும் இன்னும் விறகில்தான் நடக்கின்றன, அந்த அடுப்பின் முன் உட்கார்வதும் பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண்ணே.

ஆய்வுகள் காட்டுவது என்ன?

யோகம் நுரையீரலைப் புதுப்பித்துவிடும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. சிதைந்த காற்று நுண்ணறைகள் மீண்டும் முளைப்பதில்லை. நிரந்தரமாகச் சுருங்கிய குழல் ஆசனத்தால் விரிவதில்லை. யோகம் செய்வது வேறொன்று. பழுதடைந்த துருத்தியின் தோலை மாற்ற முடியாவிட்டாலும், அதை இயக்கும் கைகளுக்கு வலுவும் பக்குவமும் ஊட்டினால் இருக்கிற காற்றை வீணாகாமல் பயன்படுத்த முடிவதைப் போல, மூச்சுத் தசைகளையும் மார்புக் கூட்டின் அசைவையும் மூச்சின் வேகத்தையும் அது சீராக்குகிறது.

பிரேசிலில் நடந்து 2011இல் வெளியான ஆய்வொன்றில், 29 முதியவர்கள் இரு பிரிவாக நான்கு மாதங்கள் பயிற்சி பெற்றார்கள். ஒரு பிரிவினர் உடலை நீட்டி மடக்கும் பயிற்சிகளை மட்டும் செய்ய, மற்றப் பிரிவினர் அவற்றோடு யோக மூச்சுப் பயிற்சியையும் செய்தனர். மூச்சுப் பயிற்சி செய்தவர்களுக்குக் காற்றை வெளியே தள்ளும் தசைகளின் அழுத்தம் சுமார் 34 விழுக்காடும், உள்ளிழுக்கும் தசைகளின் அழுத்தம் சுமார் 26 விழுக்காடும் கூடின. பங்கேற்றவர்கள் மிகச் சிலரே என்பதையும், அவர்கள் நோயற்றவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. எனினும் முதிர்ந்த தசையும் பழக்கினால் வலுப்பெறும் என்பதற்கு இது தெளிவான சான்று.

நோயாளிகளைப் பொறுத்தவரை டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்களின் ஆய்வு கவனத்துக்குரியது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள 60 பேரில் ஒரு பாதியினருக்கு யோகமும், மறு பாதியினருக்கு வழக்கமான நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியும் 12 வாரங்களுக்குத் தரப்பட்டன. மறுவாழ்வுப் பயிற்சி என்பது நடை, தசைப் பயிற்சி, மூச்சு நுட்பம், நோய் பற்றிய விளக்கம் ஆகியவை சேர்ந்த சிகிச்சை முறை. முடிவில் மூச்சுத்திணறல் குறைவதிலும் வாழ்க்கைத் தரம் உயர்வதிலும் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு பயன் பெற்றிருந்தார்கள். மறுவாழ்வுப் பயிற்சி மையங்கள் பெருநகரங்களுக்கு வெளியே அரிதாகவே உள்ள நாட்டில், ஒரு நாற்காலியும் தேர்ந்த ஆசிரியரும் இருந்தால் நடத்திவிடக்கூடிய பயிற்சி அதற்கு இணையாக நிற்கிறது என்பது ஏழைப் பெண்களுக்கு நற்செய்தி.

கூன் முதுகு தொடர்பாகக் கலிஃபோர்னியாவில் அறுபதைக் கடந்த 118 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என 24 வாரங்கள் யோகம் செய்தவர்களின் முதுகு வளைவு சிறிதளவு நிமிர்ந்தது. இந்த மாற்றம் சுமார் 5 விழுக்காட்டுக்கு உட்பட்டதே. ஆனால் முதுமையில் கூடிக்கொண்டே போகும் ஒரு வளைவு கூடாமல் நின்று சற்றுக் குறையவும் செய்கிறது என்பதைப் பொருட்படுத்தாமல் விட முடியாது.

யாருடைய உடலுக்கான யோகம்?

இன்று மேடைகளிலும் கைபேசிகளிலும் காணப்படும் வேகமான ஆசன வரிசைகளில் பல, 1933இல் மைசூர் அரண்மனையில் தொடங்கப்பட்ட யோகசாலையில், டி.கிருஷ்ணமாச்சாரியார் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் கற்பித்த முறையிலிருந்து வளர்ந்தவை. அதே ஆசிரியர் பின்னாளில் சென்னையில் குடியேறி, நூறு வயது வரை வாழ்ந்து, நோயுற்றவர்களுக்கும் முதியோருக்கும் அவரவர் உடலுக்கு ஏற்ப ஆசனத்தை மாற்றி, மூச்சுக்கு முதலிடம் தந்து கற்பித்தார். அந்த வழியை அவருடைய மகன் டி.கே.வி.தேசிகாச்சார் 1976இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் தொடர்ந்தது. முதிய பெண்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த இரண்டாவது மரபையே.

இது வெறும் பாங்கு குறித்த விருப்பம் அல்ல. உயிரோடும் எலும்போடும் தொடர்புள்ள எச்சரிக்கை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், எலும்புத் தேய்மானம் உள்ள 59 பெண்களிடம் நடந்து 1984இல் வெளியான ஆய்வில், முதுகை முன்னோக்கி வளைக்கும் பயிற்சிகளைச் செய்தவர்களில் 89 விழுக்காட்டினருக்குப் புதிய முதுகெலும்பு முறிவுகள் ஏற்பட்டன. பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சிகளைச் செய்தவர்களிடம் அது 16 விழுக்காடாகவே இருந்தது. பாதத்தைத் தொடும்படி குனியச் சொல்லும் ஆசிரியர், எதிரே நிற்கும் 68 வயதுப் பெண்ணின் எலும்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

வயிற்றை வெட்டி இழுத்து மூச்சை வேகமாகத் தள்ளும் கபாலபாதி, பஸ்திரிகா ஆகியவை உயர் ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு ஏற்றவை அல்ல. பிரேசில் ஆய்வில் பயன்பட்டது பஸ்திரிகா வகையே என்றாலும், அது கண்காணிப்பில் நோயற்றவர்களுக்குத் தரப்பட்ட பயிற்சி. இன்னொரு காரணத்தை வகுப்புகளில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: பல பிள்ளைகளைப் பெற்ற, இடுப்படித் தசைகள் தளர்ந்த பெண்களுக்கு இத்தகைய வேக மூச்சின்போது சிறுநீர் கசியக்கூடும், கூச்சத்தால் அவர்கள் மறுநாள் வகுப்புக்கு வராமலே நின்றுவிடுவார்கள். ஆசிரியராகப் பெண் ஒருவர் இருந்து, இதைத் தனியே கேட்டறிந்து, அப்பயிற்சியை விலக்கிவிட்டால், அந்த மூதாட்டி தொடர்ந்து வருவார்.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும்?

முழங்கால் தேய்ந்த பெண்ணைத் தரையில் சம்மணமிட வற்புறுத்தத் தேவையில்லை. கைப்பிடி இல்லாத, நகராத நாற்காலியில், இரு பாதங்களும் தரையில் பதியுமாறு நிமிர்ந்து உட்கார்வதே போதுமான இருக்கை. தொடங்கும் முன் பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்டிக்கொள்ள வேண்டும். இடுப்பை இறுக்கிய முடிச்சோடு உட்கார்ந்தால் வயிறு முன்னே வர இடமில்லாமல், தோள்களைத் தூக்கித் தூக்கி மூச்சிழுக்கும் பழக்கமே நீடிக்கும்.

ஒரு கையை மார்பிலும் மறு கையை வயிற்றிலும் வைத்து, மூக்கின் வழியே மெல்ல இழுக்கும்போது வயிற்றுக் கை உயர்கிறதா என்று கவனிப்பது முதல் பாடம். பிறகு, சூடான காப்பியை ஆற்ற ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப் போல இரு மடங்கு நேரம் எடுத்து மூச்சை விடுவது இரண்டாம் பாடம். குவிந்த உதடு வெளியேறும் காற்றுக்குச் சற்றே தடையாக நிற்பதால், மூச்சுக் குழல்களுக்குள் அழுத்தம் நீடித்து, அவை பாதியிலேயே மூடிக்கொள்ளாமல் தேங்கிய காற்று வெளியேறுகிறது. மாடிப்படியில் மூச்சு முட்டும்போது நின்ற இடத்திலேயே செய்யக்கூடிய இந்த ஒரு நுட்பமே பலருடைய பயத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

அடுத்து, மூச்சை இழுக்கும்போது கைகளை உயர்த்தி விடும்போது இறக்குவது, சுவரோரம் நின்று முதுகை நிமிர்த்துவது, தோள்களைப் பின்னே சுழற்றுவது, மூக்கின் இரு துளைகள் வழியே மாறி மாறி, மூச்சை அடக்காமல் செய்யும் நாடி சுத்தி, தேனீயின் ரீங்காரம்போல் முனகி மூச்சை நீட்டி விடும் பிரமரி ஆகியவை ஒவ்வொன்றாகச் சேரலாம். மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகம் இவர்களுக்கு வேண்டாம். படுத்து இளைப்பாறும்போது தட்டையாகப் படுக்க முடியாதவர்களுக்குத் தலைக்கும் தோளுக்கும் அடியில் தலையணை வைத்துச் சாய்வாகப் படுக்க வைக்க வேண்டும். பயிற்சியின் எந்தக் கட்டத்திலும் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும் என்பதே எளிய அளவுகோல்.

சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, நாளுக்கு 20 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று தொடர்ந்தால் இரண்டு மூன்று மாதங்களில் மாற்றம் தெரியும். விட்டுவிட்டால் பயனும் படிப்படியாக மறையும். இன்ஹேலர் எனப்படும் உறிஞ்சு மருந்தை யோகத்தை நம்பி நிறுத்துவது மட்டும் ஒருபோதும் கூடாது. மூச்சுத்திணறல் திடீரெனக் கூடி உயிருக்கே ஆபத்தான நிலையில் மருத்துவமனைக்கு ஓட நேர்வதற்கு, மருந்தை இடையில் விட்டதும் ஒரு காரணமாகிறது.

முதலில் அளவிட வேண்டும்

மூச்சு வாங்குவதற்கு ரத்தசோகை, இதயச் செயலிழப்பு, காசநோய், ஆஸ்துமா எனப் பல காரணங்கள் இருக்க முடியும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் ரத்தம், கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டிய நிலை, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பார்த்த பிறகே பயிற்சியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கேட்கும் முறையிலும் கவனம் தேவை. ‘மூச்சு வாங்குதா?’ என்று கேட்டால் பல பெண்கள் இல்லை என்றே சொல்வார்கள். ஏனெனில் மூச்சு வாங்கவைக்கும் வேலைகளை ஒவ்வொன்றாக அவர்கள் ஏற்கெனவே விட்டுவிட்டிருப்பார்கள். ‘போன வருஷம் செஞ்சு இந்த வருஷம் விட்ட வேலை எது?’ என்று கேட்டால், தண்ணீர்க் குடம் தூக்குவதும், மலைக்கோயில் படி ஏறுவதும், சந்தைக்கு நடந்து போவதும் நின்றுபோன கதை வெளியே வரும்.

தேசிய தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில், 30 வயதைக் கடந்தவர்களிடம் வீடு தேடிச் சென்று நிரப்பும் படிவத்தில் மூச்சுத்திணறல் உண்டா என்ற கேள்வியும், சமைக்க எந்த எரிபொருள் பயன்படுகிறது என்ற கேள்வியும் இடம்பெற்றுள்ளன. 2023இல் பெயர் மாற்றம் பெற்ற இத்திட்டம் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயையும் தன் வரம்புக்குள் கொண்டுள்ளது. விறகு என்றும், மூச்சு வாங்குகிறது என்றும் ஒரே பெண்ணின் படிவத்தில் இரண்டு பதில்களும் பதிவானால், அவர் ஸ்பைரோமீட்டர் எனப்படும் மூச்சளவிக் கருவியில் ஊதிப் பார்க்க அனுப்பப்படுவது கட்டாயமாக்கப்பட வேண்டும். அதற்கு அந்தக் கருவியும், அதை இயக்கத் தெரிந்த ஒருவரும் வட்டார அளவிலான அரசு மருத்துவமனையில் குறிப்பிட்ட கிழமைகளிலாவது இருக்க வேண்டும்.

செய்யக்கூடியவை

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் வீடுகளுக்குச் செல்கிறார்கள். பக்கவாதத்துக்கும் மூட்டு வலிக்கும் பயிற்சி தரும் அவர்களுக்கே, வயிற்று மூச்சு, உதடு குவித்த மூச்சு, நாற்காலி ஆசனங்கள் ஆகியவற்றைக் கற்பிக்கும் பயிற்சியையும் அளிக்கலாம். பாடத்திட்டத்தை வகுக்க சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மருத்துவர்களும் அரசு மருத்துவக் கல்லூரிகளின் நெஞ்சக நோய்ப் பிரிவினரும் சேர்ந்து உட்கார்ந்து, முதிய பெண்களுக்கென ஒரே பாடத்தை எழுத வேண்டும். இரு துறையினரும் தனித்தனியே பேசிக்கொண்டிருப்பதால் நட்டப்படுபவர் நோயாளியே.

வகுப்புக்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. குழந்தைகள் வீடு திரும்பிய பின் அங்கன்வாடியிலும், கூட்டம் முடிந்த பின் மகளிர் சுயஉதவிக் குழுக் கட்டடத்திலும் இதை நடத்தலாம். குழுவில் ஐம்பதைத் தொட்ட பெண் ஒருவரைத் தேர்ந்து சில வாரம் பயிற்றுவித்து, மாதம் ஒரு முறை இயன்முறை சிகிச்சையாளர் வந்து பார்வையிட்டால், தன் ஊர்ப் பெண்களின் உடலையும் கூச்சத்தையும் அறிந்த ஆசிரியர் கிடைத்துவிடுவார். அவருக்கு மதிப்பூதியம் தரப்பட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனெனில் ஊதியமில்லாத சேவையாகப் பெண்கள் தலையில் கட்டப்பட்ட திட்டங்கள் பல நீடித்ததில்லை.

குடும்பங்கள் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு: வெந்நீர் அடுப்பை வீட்டுக்கு வெளியே மாற்றுவது, அதன் முன் மூத்தவரை உட்கார வைக்காமல் இருப்பது, கொசுவத்திப் புகையைத் தவிர்ப்பது, ஃபுளூ, நிமோனியா தடுப்பூசிகள் பற்றி மருத்துவரிடம் கேட்பது. முதியோர் ஓய்வூதியம் பெறும் தனித்து வாழும் பெண்களுக்கு எரிவாயு உருளையின் மறு நிரப்புச் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்றால், விலை ஏறும்போதெல்லாம் அவர்கள் விறகுக்குத் திரும்ப நேராது.

அடுத்த ஜூன் 21 வருவதற்குள், ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், அன்றைய தினம் அறுபதைக் கடந்த பெண்களுக்கான மூச்சுப் பரிசோதனை முகாமை நடத்த மாவட்ட நிர்வாகங்கள் ஏற்பாடு செய்யலாம். காலையில் மூச்சளவு, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் பார்த்து, நோயுள்ளவர்களுக்கு மருந்தைத் தொடங்கி, பயிற்சிக்கு ஏற்றவர்களின் பெயரை அருகிலுள்ள வகுப்பில் பதிந்து, மூன்று மாதம் கழித்து அதே பெண்களை அதே கருவியில் மீண்டும் ஊதச் சொல்லி, ஆறு நிமிடத்தில் அவர்கள் எவ்வளவு தொலைவு நடக்கிறார்கள் என்பதையும் அளந்து, அந்த இரு அளவுகளையும் மாவட்டவாரியாக வெளியிட வேண்டும்.